சோர்ந்த கையும் இழுத்த கையும்

கை இழுத்துப் பிடிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், எங்கள் ஊரில் ஆளாளுக்கு வைத்தியம் வைத்திருப்பார்கள். வெந்நீரில் உப்புப் போட்டு முக்கி வை, கற்பூராதித் தைலம் தேய், ஸ்பான்ஞ்சு பந்து வாங்கி அமுக்கிப் பழகு, மக்னீசியம் மாத்திரை போடு, இரண்டு வாழைப்பழம் தின்னு. எல்லாம் அக்கறையில் சொல்வதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இருப்பது மயஸ்தீனியா கிராவிஸ், வேலை செய்யச் செய்யத் தசை சோர்ந்துபோகும் நோய். இந்த நோய்க்காரிக்கு மேலே சொன்னதில் பாதி ஆகவே ஆகாது, மீதியும் எந்த நேரத்தில், எந்தக் கைக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து உதவும் அல்லது கெடுக்கும். எந்தக் கைக்கு என்றால் வலதா இடதா என்று இல்லை, சோர்ந்த கைக்கா இழுத்த கைக்கா என்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தபிறகுதான் எனக்கு வேலை ஓட ஆரம்பித்தது, அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் செல்லூரில் வீட்டோடு பிளவுஸ் தைக்கிறவள். அப்பா புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்தவர், அங்கிருந்த கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு ரொம்ப முன்னால். அதனால் சின்ன வயதிலேயே கத்தரியைப் பிடித்துவிட்டேன். கை எனக்கு வெறும் கை இல்லை, பிழைப்பு. ஊசியில் கோர்க்கும்போது நூல் இரண்டாகத் தெரிந்ததுதான் முதல் அறிகுறி. கண்ணாடி மாற்றினேன், அப்புறம் சாயங்காலம் ஆனால் இடது இமை இறங்க ஆரம்பித்தது, அப்புறம் சோற்றை மெல்லவே களைப்பு. கையில் மின்சாரம் வைத்துத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் சோதனை, ரத்தத்தில் ஆன்டிபாடி, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் என்று எல்லாம் முடிந்து பெயர் தெரிந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. அதன் பலன் மெதுவாகத்தான், சில வருஷம்கூட ஆகலாம் என்றார்கள், அதுவும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கதை நீளம், இங்கே வேண்டாம். ஊரில் எனக்கு நரம்புத் தளர்ச்சி என்று முடிவு கட்டி லேகியம் வாங்கி வந்தவர்கள் கதை அதைவிட நீளம்.

நோயை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலின் என்று ஒரு ரசாயனம் கிளம்பி, தசையில் இருக்கும் ஏற்பிகளில் போய் மாட்டினால்தான் தசை சுருங்கும். அந்த ரசாயனத்தைப் பிளவுஸ் கொக்கி என்று வைத்துக்கொண்டால், ஏற்பி என்பது எதிர்ப்பட்டியில் கட்டுகிற நூல் வளையம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறிப்போய் அந்த வளையங்களைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. கொக்கிக்குக் குறைவில்லை, மாட்டுவதற்கு இடம் குறைவு. அதனால் ஒரு வேலையைச் செய்யத் தொடங்கும்போது சரியாக இருக்கும், செய்யச் செய்யத் தசை தொய்ந்துகொண்டே போகும், உட்கார்ந்து ஓய்வெடுத்தால் திரும்பக் கொஞ்சம் வரும். இதற்கு எல்லாரும் போடும் மாத்திரை பைரிடோஸ்டிக்மின், 60 மில்லிகிராம். அது வளையத்தை ஒட்டித் தராது. அசிடைல்கோலினைச் சிதைத்துக் கழிக்கும் ஒரு நொதி இருக்கிறது, அதைத் தடுத்து வைத்து, இருக்கிற கொக்கிகளைக் கொஞ்ச நேரம் கூடுதலாக அங்கேயே நிறுத்தி வைக்கும். போட்ட அரைமணி, முக்கால் மணியில் வேலை செய்யத் தொடங்கும், மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

இனி கைக்கு வருகிறேன். மயஸ்தீனியாவில் விரலை மடக்கும் தசையைவிட நீட்டும் தசைதான் பலருக்கும் முதலில் சோரும். கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் விரல்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்துபோகும். கத்தரியை மூட முடியும், திறக்க முடியாது. துணியில் பாதி வழியில் கத்தரி வாயை மூடிக்கொண்டு நிற்கும், என் கை அதன் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். வலி கிடையாது. இது சோர்ந்த கை.

இழுத்த கை வேறு. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதை திடீரென்று கல் மாதிரி ஆகி, விரல் உள்ளங்கைக்குள் சுருண்டு, உயிர் போகும். காலில் கெண்டைச் சதையில் குரக்களி பிடிக்குமே, அது கையில். சில சமயம் சுருளுவதற்கு முன்னாலேயே தோலுக்கு அடியில் புழு நெளிவது போல் சதை துடிப்பது கண்ணுக்கே தெரியும். கீழ் இமையும் சேர்ந்து துடிக்கும்.

பிரச்சினை என்னவென்றால் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். விரல் மடங்கியிருக்கிறது, இவளால் நீட்ட முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கே கொஞ்ச காலம் தெரியவில்லை. நரம்பியல் டாக்டரிடம் போய் "கை வரமாட்டேங்குது" என்று சொன்னபோது, அவர் மாத்திரை எழுதுவதை நிறுத்திவிட்டு என் மடங்கிய விரலைத் தன் விரலால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். "இப்படித் தூக்கினா சும்மா வருதா, எதிர்த்து நிக்குதா? வலிக்குதாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்குக் கிடைத்த மருந்திலேயே மலிவானது. இன்றைக்கும் கை மக்கர் பண்ணினால் முதலில் அதைத்தான் செய்கிறேன். மற்றக் கையால் விரலைத் தூக்கிப் பார்ப்பேன். துணி போலத் தொளதொளவென்று கூட வந்தால் சோர்வு. இறுகி எதிர்த்து நின்று வலித்தால் இழுப்பு.

அடுத்தது கடிகாரம். அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் மாத்திரை போட்ட நேரம், கை மக்கர் பண்ணிய நேரம், தூக்கிப் பார்த்தபோது தொளதொளவா இறுக்கமா, அப்போது என்ன வேலை, இதை எல்லாம் எழுத ஆரம்பித்தேன். டாக்டர் சொல்லித்தான். எழுதிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிந்தது. சோர்வு வருவது மாத்திரை இறங்குகிற நேரத்தில், இல்லாவிட்டால் தொடர்ந்து வெட்டிக்கொண்டிருந்த பிறகு. இழுப்பும் துடிப்பும் வருவது மாத்திரை போட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள், அதாவது மருந்து உச்சத்தில் இருக்கும்போது. கூடவே வாயில் எச்சில் ஊறும், வயிறு முறுக்கும், கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். இது எல்லாம் சேர்ந்து வந்தால் மருந்து கூடுதலாக நிற்கிறது என்று அர்த்தம். வளையங்கள் எல்லாத் தசையிலும் ஒரே அளவில் பிய்ந்திருக்காது அல்லவா, குறைவாகப் பிய்ந்த இடத்தில் இந்தக் கூடுதல் கொக்கி அதிகப்படியாகிவிடும்.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒருவகையில் என் கொழுந்தனார். உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். ஒரு தடவை முகத்தில் துணிகூடக் கட்டாமல் வெயிலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்து, வேர்த்துக் கொட்டி, எச்சில் ஒழுகி, கை கால் சதையெல்லாம் துடித்துப் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைத்தார். அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரே யோசனை, இது நமக்கு வருவது மாதிரியே இருக்கிறதே என்று. கேட்டபிறகு தெரிந்தது, ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து தடுப்பதும் என் மாத்திரை தடுப்பதும் ஒரே நொதியைத்தான். மாத்திரை அளவோடு தடுத்து சில மணி நேரத்தில் விட்டுவிடும், அந்த விஷம் விடாது. அன்றிலிருந்து தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இந்த மாத்திரையின் பூர்வீகமே விஷம்தான் என்பதும் பிறகு படித்தேன். 1934இல் லண்டன் கிரீனிச்சில் ஓர் ஆஸ்பத்திரியில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், மயஸ்தீனியா நோயாளியின் நிலைமை குராரே என்ற அம்புவிஷம் ஏறியவர்களின் நிலைமை போலவே இருக்கிறதே என்று யோசித்து, குராரேவுக்கு முறிவாக இருந்த பைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். இறங்கிய இமை ஏறியது. சில மணி நேரம்தான், ஆனால் ஏறியது. பைசோஸ்டிக்மின் எடுப்பது கலபார் என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டையிலிருந்து. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வார்களாம். அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைதான் நாம் தினமும் போடும் மாத்திரை. அளவு முக்கியம் என்று டாக்டர்கள் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்வது சும்மா இல்லை.

ஏனென்றால் கை வரவில்லை என்றதும் இன்னொரு மாத்திரை போடத்தான் கை போகும். இழுத்த கைக்கு இன்னொன்று போட்டால் இழுப்பு கூடும். ரொம்பக் கூடிப்போனால் இழுப்பைத் தாண்டி, மருந்தாலேயே தசை சோர்ந்து மூச்சுவரை போகும், அதற்குத் தனியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். குறைவாகப் போட்டாலும் சோர்வு, கூடப் போட்டாலும் சோர்வு. ஆகவே கூட்டுவதும் குறைப்பதும் என் நோட்டைப் பார்த்து டாக்டர்தான் செய்வார். எனக்கு அவர் செய்தது, மொத்த அளவைக் கொஞ்சம் குறைத்து, முழு மாத்திரையைச் சில வேளைகளில் அரையாக்கி, இடைவெளியைச் சுருக்கி, வெறும் வயிற்றில் போடாமல் ஏதாவது தின்றுவிட்டுப் போடச் சொன்னது. இரவு இழுப்பு பெரும்பாலும் இதிலேயே அடங்கியது. உங்கள் அளவு வேறு, நோயின் வகையே வேறாக இருக்கலாம். சிலருக்கு மஸ்க் என்ற வேறு ஆன்டிபாடி இருக்கும், அவர்களுக்கு இந்த மாத்திரை சரியாக ஒத்துவராமல் இழுப்பும் துடிப்பும் கூடுதலாக வருவதுண்டு. என்னைப் பார்த்து யாரும் மாத்திரையைப் பாதியாக உடைக்க வேண்டாம்.

சரி, வெந்நீர். மதுரையில் இருந்துகொண்டு மயஸ்தீனியாவோடு வாழ்வதில் பெரிய வில்லன் வெயில்தான். உடம்பு சூடேறினால் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் தகவல் இன்னும் மோசமாகும், குளிர்ந்தால் கொஞ்சம் தேறும். இறங்கிய இமையின் மேல் இரண்டு நிமிஷம் ஐஸ் கட்டியை வைத்து ஏறுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனை. சித்திரை மாசம் 40 டிகிரியில், கரண்டும் போய்விட்டால், நான் சோபாவில் விரித்துப் போட்ட துணி. ஆனால் இழுத்துப் பிடித்த சதைக்குச் சூடுதான் இதம், ஐஸ் வைத்தால் இன்னும் முறுக்கும். ஆக ஒரே கைக்குக் காலையில் வேண்டியது மத்தியானத்துக்கு ஆகாது. என் ஏற்பாடு இப்படி: விடியற்காலையில் விரல் விறைத்து மடங்காமல் இருந்தால் பாத்திரம் கழுவும் சாக்கில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிஷம் கையை வைத்திருப்பேன், கை மட்டும், முழங்கைக்கு மேல் போகாது. மத்தியானம் பதினொன்றுக்கு மேல் வெந்நீர் பக்கமே போவதில்லை, பிடரியில் ஈரத்துண்டு, ஃபேனுக்கு நேரே மிஷின். அந்த நேரத்தில் இழுத்தால் சூடு வைக்காமல், மேசையில் உள்ளங்கையைக் கவிழ்த்து மற்றக் கையால் விரல்களை மெதுவாக விரித்துப் பிடித்துக்கொண்டு, அது விடும்வரை உட்கார்ந்திருப்பதுதான். வெடுக்கென்று இழுத்தால் அடுத்த நாள் முழுக்க வலி. வெந்நீர்த் தொட்டி, ஆவிக்குளியல், இந்த மாதிரி உடம்பு முழுக்கச் சூடேற்றுகிற விஷயம் எதுவும் நமக்கு ஆகாது. அழகர் ஆற்றில் இறங்குவதையும் சில வருஷமாக டிவியில்தான் பார்க்கிறேன். மேலூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "நீ வரலையா, உன் ஊர்த் திருவிழா" என்று கேட்கும்போது கொஞ்சம் எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

மக்னீசியம் கதைக்கு வருகிறேன். தம்பி பெண்டாட்டி ஒருநாள் ஒரு டப்பாவோடு வந்தாள். "மதினி, ஃபோன்ல பார்த்தேன், குரக்களிக்கு இதுதானாம், எங்க ஆபீஸ்ல எல்லாரும் போடுறாங்க, நீங்களும் ஒரு மாசம் போட்டுப் பாருங்க." பாவம், நல்ல பிள்ளை, காசும் வாங்கமாட்டாள். மக்னீசியம் நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலின் கிளம்புவதையே குறைக்கும். ஊசியாக ஏற்றினால் மயஸ்தீனியாக்காரர்களுக்கு ஆபத்து, மாத்திரையாகவும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாத சரக்கு. அமிலத்துக்குக் குடிக்கிற ஜெல் மருந்துகள் பலவற்றிலும் அது இருக்கிறது. குரக்களிக்குச் சில இடங்களில் இன்னும் எழுதித் தரும் குயினைன் அதைவிட மோசம், நமக்கு அறவே கூடாது. டானிக் வாட்டர் என்று விற்கும் கசப்பு சோடாவில்கூடக் குயினைன் உண்டு. தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் இன்னொரு வம்பு, ஏற்கெனவே தளர்ந்த தசைக்கு எதற்குத் தளர்த்தி? சொந்தச் சரக்காக ஒரு சம்பவம்: தொண்டைவலிக்கு ஒரு கிளினிக்கில் நோயைச் சொன்ன பிறகும் அசித்ரோமைசின் எழுதினார்கள், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்ற பதிலோடு. நான் வாங்காமல் திரும்பி நரம்பியல் டாக்டருக்கு ஃபோன் போட்டேன், அவர் வேறு சொன்னார். இந்த நோய்க்காரர்கள் கேட்காமல் போடக்கூடாத மருந்துகள் என்று அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், அமிகாசின், சில பிரஷர் மாத்திரைகள், எல்லாம் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். தம்பி பெண்டாட்டியும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டாள்.

சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போகிறேன் என்று அத்தை பிடித்த பிடிவாதம் தனி. இந்த நோய்க்காக நான் ஸ்டீராய்டும் சாப்பிடுகிறேன், ஸ்டீராய்டு சாப்பிடுகிற தோல் சும்மா தொட்டாலே கன்றிப்போகும், எலும்பும் பலமில்லை, அதில் வைத்து நெரித்தால் என்ன ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் தைலத்தை அத்தையே தன் கையால் லேசாகத் தடவிவிடுவது என்று சமரசம். அது நன்றாகத்தான் இருக்கிறது, தைலத்தாலா அத்தை தடவுவதாலா தெரியாது. பந்து அமுக்கும் பயிற்சி மட்டும் வேண்டவே வேண்டாம். சாதாரண ஆளுக்குக் கை பலமாகும், எனக்கு இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் பந்து வாங்கிக்கொண்டுவிடும், பிறகு கொக்கி கட்டுவது யார்?

ஸ்டீராய்டு என்றதும் இன்னொன்று. நான் சாப்பிடும் ஸ்டீராய்டு ப்ரெட்னிசலோன், அது பொட்டாசியத்தைக் குறைக்கும், அதனாலும் சதை இழுக்கும். ஆகவே இழுப்பு எல்லாம் பைரிடோஸ்டிக்மினால்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. பொட்டாசியம், கால்சியம், விட்டமின் டி, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். வாழைப்பழம், இளநீர் நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களோ ஏற்கெனவே சர்க்கரை ஏறியவர்களோ அதையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

வேலையில் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன், தைக்கிறவர்களுக்கு உதவும். முதலில் கத்தரி. அப்பாவின் பத்து இன்ச் இரும்புக் கத்தரியை எடுத்து வைத்துவிட்டு எட்டு இன்ச்சில் எடை குறைந்தது ஒன்று வாங்கினேன். நூல் வெட்டுவதற்கு ஸ்பிரிங் வைத்த குட்டிக் கட்டர், அது தானே திறந்துகொள்ளும். எனக்குத் திறக்கத்தானே வராது! மிதிக்கிற மிஷினில் மோட்டார் போட்டாயிற்று. வெட்டுவதைக் காலை மாத்திரைக்கு முக்கால் மணி கழித்து வைத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரே மூச்சில் வெட்டுவதில்லை. ஒரு பிளவுஸ் வெட்டினால் அடுத்து அயர்ன் போடாமல், அளவு எழுதுவது, நூல் கலர் பார்ப்பது என்று கைக்கு வேலையில்லாத வேலை. முன்பெல்லாம் முகூர்த்த நாள் நெருங்கினால் லைனிங் பிளவுஸ் மொத்தத்தையும் அடுக்கி வைத்து விடிய விடிய வெட்டுவேன், அந்த மாதிரி வெட்டினால்தான் இரவு மூன்று மணிக்குக் கை சுருண்டு எழுப்பிவிடும். விரல் சோர்ந்தபிறகும் விடாமல் பிடித்தால், சோராத தசை சேர்த்து இழுத்து வேலை செய்கிறது, ராத்திரி அதுதான் பழி வாங்குகிறது என்று நான் நினைக்கிறேன். டாக்டரிடம் சொன்னபோது சிரித்தார், இல்லை என்று சொல்லவில்லை.

ஹெம்மிங்கும் கொக்கியும்தான் கைக்கு எமன். ஊசியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இடுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுப் பிடிக்க முடியாது. அதை இப்போது பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், பிளவுஸுக்கு இவ்வளவு என்று பேசி. வருமானத்தில் துண்டு விழத்தான் செய்கிறது. சுங்குடிச் சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதை மட்டும் விட மனசில்லை, சித்திரை வெயிலுக்கு எல்லாரும் சுங்குடி எடுப்பார்கள், அது எனக்குப் பிடித்த வேலை. ஊசியில் பிடி பெரிதாக இருக்க மேலே கொஞ்சம் ரப்பர் சுற்றி, ஒரு முழத்துக்கு ஒருமுறை கையை மடியில் போட்டுவிட்டுப் பிறகு தொடர்கிறேன். விளக்குத்தூண் பக்கம் லைனிங் துணியும் நூல்கண்டும் வாங்கப் போனால் தோள்பைதான். பிளாஸ்டிக் பையின் காது விரலை அறுத்தால் வீடு வருவதற்குள் அந்தக் கை இறுகிப்போகும். ஸ்கூட்டியில் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டே சிம்மக்கல் டிராபிக்கில் நிற்பதும் அப்படித்தான், அதனால் ஷேர் ஆட்டோ. வீட்டில் தேங்காய் துருவுவது, துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது மூன்றும் என் வீட்டுக்காரர் தலையில். மாவு பிசைவதில் அவர் இப்போது என்னைவிடத் தேர்ந்துவிட்டார், ஆனால் சமையலறை முழுக்க மாவு.

விடியற்காலை விறைப்பு என்று மேலே சொன்னேனே, அதுதான் எங்களைக் குழப்பியது. மயஸ்தீனியாவில் பொதுவாகக் காலையில்தான் உடம்பு நன்றாக இருக்கும், பொழுது போகப் போகத்தான் சோரும். எனக்கோ காலையில் எழும்போதே விரல் மடங்க மாட்டேன் என்றது, இரவு கடைசி மாத்திரை போட்டுப் பல மணி நேரம் ஆகியிருக்கும், ஆக மருந்தின் மேலும் பழி போட முடியவில்லை. நோட்டில் அது ஒட்டாத வரியாகவே நின்றுகொண்டிருந்தது. டாக்டர் முதலில் மூட்டுகளில் வீக்கம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார், முடக்குவாதமா என்று பார்க்க. பிறகு தைராய்டு எடுக்கச் சொன்னார். டி.எஸ்.எச். ஏறியிருந்தது, அதாவது தைராய்டு சுரப்பது குறைந்திருந்தது. தன் உடம்பைத் தானே தாக்கும் நோய் ஒன்று இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சேர்ந்து வருவது உண்டாம், மயஸ்தீனியாவோடு தைராய்டு கூட வருவது அரிதில்லை. தைராக்ஸின் தொடங்கியபிறகு, ஒரேயடியாக இல்லை, மெள்ள மெள்ள விறைப்பு விட்டது. ஒரே தொல்லை, அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், கால்சியம் மாத்திரையை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், பைரிடோஸ்டிக்மினை ஏதாவது தின்றுவிட்டுப் போட வேண்டும், ப்ரெட்னிசலோன் காலைச் சாப்பாட்டுக்குப் பின். காலையில் என் மேசையைப் பார்த்தால் மருந்துக்கடை தோற்றுப்போகும். கையில் விறைப்பு இருக்கிறவர்கள் எல்லாவற்றையும் மயஸ்தீனியா கணக்கிலேயே எழுதிவிடாமல் தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கையைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் கை சோர்வோடு சேர்ந்து பேச்சு மூக்கால் வந்தால், தண்ணீர் விழுங்கும்போது புரை ஏறினால், தலையைத் தூக்கிப் பிடிக்க முடியாவிட்டால், படுத்தால் மூச்சு வாங்கினால் அது கை விஷயம் இல்லை. நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி, அதுவும் வெண்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரி. ஒரே மூச்சில் எண்ணிப் பார்க்க எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இழுத்த மூச்சில் 20 வரைகூட எண்ண முடியவில்லை என்றால் யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டியது. என் வீட்டுக்காரர் ஃபோனில் 108 என்று தனியாக ஒரு பட்டன் வைத்திருக்கிறார்.

இப்போது புதிதாக ஒன்று. வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் ராத்திரியில் மரத்துப்போகின்றன, உதறினால் சரியாகிறது. சோர்வும் இல்லை, இழுப்பும் இல்லை, மாத்திரை நேரத்தோடும் ஒட்டவில்லை. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார், தைராய்டு இருக்கிறவர்களுக்கும் இப்படிக் கைவேலை செய்கிறவர்களுக்கும் அது வருமாம். அடுத்த வாரம் டெஸ்ட். அதுவரை இரவில் மணிக்கட்டை மடக்காமல் இருக்கப் பட்டை கட்டித் தூங்கச் சொல்லியிருக்கிறார், ரிப்போர்ட் வந்ததும் எழுதுகிறேன். இதே மாதிரி மரத்துப்போகிற யாராவது இருந்தால், கத்தரி பிடிக்கும் வேலையாக இருந்தால் இன்னும் நல்லது, பட்டை கட்டிக்கொண்டு எப்படித் தூங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது.